தலைக்கு ஊத்துற உத்தியோகம்

ஊர்ல இருக்கிற நீளமான தலைமுடியை எல்லாம் தேய்ச்சு அலசி விடுறதுதான் என் வேலை. ஆனா தலைக்கு உள்ள இருக்கிறதை அலச எந்தக் கம்பெனியும் இன்னும் ஷாம்பு போடலை.

காலைல காலேஜ். மத்தியானத்துக்கு மேல மயிலாப்பூர்ல, மாட வீதிக்குப் பக்கத்து சந்துல ஒரு லேடீஸ் பார்லர். பேசின் பக்கம் நிக்கிறது நான்தான். கஸ்டமர் கழுத்தைப் பின்னாடி சாய்ச்சு, கண்ணை மூடின உடனே ஒரே கேள்விதான் வரும்: "இவ்ளோ நீள முடிக்கு வாரத்துல எத்தனை தடவைம்மா தலைக்குக் குளிக்கணும்?" நானும் பதில் சொல்லித் தொலைப்பேன். அங்கதான் சண்டை ஆரம்பிக்கும். ஏன்னா அவங்க யாரும் பதிலுக்காகக் கேக்கலை. ஏற்கனவே பண்ணிக்கிட்டிருக்கிறதுக்கு ஒரு கையெழுத்து வேணும், அவ்ளோதான். கையெழுத்து போட நான் என்ன கெஜட்டட் ஆபீசரா?

இடுப்புக்குக் கீழ முடி வெச்சுக்கிட்டு, ஞாயித்துக்கிழமை பூரா தோள்ல துண்டோட திரியுற சகோதரிகளே, உங்களுக்கு நான் படுற பாடு புரியும். மத்தவங்க சும்மா படிச்சுட்டுப் போங்க.

துபாய்ல நிக்குது

ராஜி மாமிக்குத் தோள்பட்டை வலி. கையைத் தூக்கித் தலை அலச முடியாது, அதனால எங்ககிட்ட வருவாங்க. ஆனா எப்போ வர்றதுங்கிறது அவங்க கையில இல்லை, காலண்டர் கையில இருக்கு. பொம்பளைங்களுக்கு செவ்வாயும் வெள்ளியும்தான். போன வெள்ளி அமாவாசை, வரலை. செவ்வாய் ஏதோ நட்சத்திரம், அதுவும் வரலை. தலை அரிக்குது, பென்சிலை விட்டுச் சொறிஞ்சுக்கிட்டு இருக்காங்க, ஆனா குளிக்க மாட்டாங்க!

கடைசில ஒரு வெள்ளிக்கிழமை வந்து சாய்ஞ்சு படுத்துட்டாங்க. எனக்கு ஒரே குஷி. வெந்நி சூடு பாத்து, ஷவரைக் கையில எடுத்துட்டேன். அப்போ பாத்து ஃபோன். முந்தின நாள் காலைல அவங்க பையன் அமெரிக்காவுக்குக் கிளம்பியிருக்கான், இந்நேரம் இறங்கியிருப்பான்னுதான் மாமி வந்திருக்காங்க. ஊருக்குக் கிளம்பினவங்க போய்ச் சேர்ற வரைக்கும் வீட்டுல பொம்பளைங்க தலைக்கு ஊத்தக் கூடாதாம். "மாமி, நீங்க இங்க தலைக்கு ஊத்தினா அங்க ஃப்ளைட்ல ஒழுகுமா?"ன்னு கேட்டேன். மாமி அசரலை. புடவைத் தலைப்பை உதறிக்கிட்டு எழுந்து சொன்னாங்க: "துபாய்ல ஃப்ளைட் லேட்டாம்டி, அவன் இன்னும் அங்கேயேதான் உக்காந்துண்டு இருக்கான். செவ்வாய்க்கிழமை வரேன், ஷாம்புவைக் கலந்து வெச்சுடாதே!"

பீச்சுல ஓடுறவங்க

அடுத்தது பெசன்ட் நகர் ஐ.டி. மேடம். தினமும் காலைல எலியட்ஸ் பீச்சுல ஓடுறவங்க. பின்னலைப் பிரிக்கிறேன், பிரிய மாட்டேங்குது. கேட்டா, ரெண்டு வாரமா தலைக்குத் தண்ணியே காட்டலையாம். "முடி தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கும், தெரியுமா?"ன்னாங்க. "அப்போ வீட்டையும் பெருக்காம விட்டுப் பாருங்க மேடம், அதுவும் பண்ணிக்குமான்னு"ன்னேன்.

உடனே ஃபோன்ல ஒரு ரீலைக் காட்டினாங்க. அதுல ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு பளபளன்னு முடியைச் சிலுப்புது. எனக்கு வந்துச்சே கோவம்! "மேடம், அந்தப் பொண்ணுக்குப் பின்னாடி பனிமலை தெரியுது. அதுக்கு வேர்வைன்னா என்னன்னே தெரியாது. நீங்க ஓடுறது நம்ம ஊரு உப்புக் காத்துல. இப்போ உங்க தலைல மாங்காயைத் தடவினா தனியா உப்பு போட வேணாம்"னேன். நல்லதுக்குத்தானேங்க சொன்னேன்? தோள்ல துண்டோட எழுந்து நேரா எங்க ஓனர்கிட்ட போய்ட்டாங்க: "உங்க பார்லர்ல தலையைக் கழுவ வந்தா மானத்தையும் சேர்த்துக் கழுவி விடுறாங்க!"

மேடம் விட்ட வார்னிங்

பார்லர் ஓனரைத்தான் நாங்க மேடம்னு கூப்பிடுவோம். கஷ்டப்பட்டுக் கடையை வளர்த்தவங்க, நல்லவங்கதான். ஆனா அவங்க கொள்கை என்னன்னா, கஸ்டமர் தினமும் குளிப்பேன்னா தினமும், வருஷத்துக்கு ஒரு தடவைன்னா வருஷத்துக்கு ஒரு தடவை, ரெண்டுக்குமே "சூப்பர் மேடம்"னு சொல்லணும். "அப்போ நான் எதுக்கு, ஒரு பொம்மையை நிக்க வெச்சு தலையாட்ட விடலாமே"ன்னேன். அதையும் சொல்லியிருக்கக் கூடாதுதான்.

எனக்கு இந்த வேலை போகக் கூடாதுங்க. "படிக்கிற பொண்ணுக்குப் பார்லர் வேலை எதுக்கு, உன் வாய்க்கு ஒரு மாசம் தாங்க மாட்டே"ன்னு அப்பா சொன்னப்போ, மாம்பலம் வீடே அதிர்ற மாதிரி சண்டை போட்டுட்டு வந்தவ நான். வேலை போச்சுன்னா அவர் பேப்பரைக் கொஞ்சம் இறக்கி, ஒரு சிரிப்பு சிரிப்பாரு. அந்தச் சிரிப்பைப் பாக்குறதுக்கு பதிலா நான் மொட்டையே போட்டுக்குவேன். இது தெரிஞ்சேதான் மேடம் சொன்னாங்க: "இன்னொரு கஸ்டமர்கிட்ட எதிர்த்துப் பேசினேன்னு காதுல விழட்டும், அப்புறம் வீட்டுல உக்காந்து உன் தலையை மட்டும் கழுவிக்க."

கிழமை பாக்குற லாரி

கூட வேலை பாக்குறவங்க செல்வி அக்கா. புருவம் திருத்துறதுல கில்லாடி. ஆத்தோரத்துல இருந்த குடும்பம், இப்போ கவர்மென்ட்டு ஊருக்கு வெளிய கொண்டுபோய் விட்டதுல ரெண்டு பஸ் மாறி வர்றாங்க. அவங்களுக்கும் முடி முழங்கால் வரைக்கும். மேடம் திட்டினதை எல்லாம் கொட்டி, "நீங்களே சொல்லுங்கக்கா, வாரத்துக்கு எத்தனை தடவை?"ன்னு நானும் அதே பாழாப்போன கேள்வியைக் கேட்டுட்டேன். அக்கா நூலைப் பல்லுல கடிச்சபடியே சொன்னாங்க: "இன்னா பெரிய கேள்வி கேக்குற நீ? எங்க வூட்டாண்ட தண்ணி லாரி என்னிக்கு வருதோ அன்னிக்கு ஊத்திக்குவேன். கிழமை பாக்குறதெல்லாம் டிரைவர் வேலை, என் வேலை இல்ல!"

ரெக்கார்டு நோட்டுல மழை

சரி, ஊருக்கெல்லாம் சொல்றியே, நீ எப்படின்னு கேப்பீங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை, நல்லா காஞ்சதுக்கு அப்புறம்தான் பின்னணும். இதுதான் என் சட்டம். கார்த்திகை மழைல அந்தச் சட்டம் செல்லாது. காத்தே ஈரமா இருக்கு, எதை வெச்சுக் காய வைக்கிறது? ஈரத்தோட முடிஞ்சா நாத்தம், விரிச்சுப் போட்டா சிக்கு, டிரையர் போட்டா தென்னந்தொடப்பம். ஒருநாள் ஈரத்தலையை அப்படியே பின்னாடி விரிச்சுப் போட்டுக்கிட்டு முதல் பீரியட்ல உக்காந்துட்டேன். பின் பெஞ்சுல என் ஃப்ரெண்டு நித்யா, விலங்கியல் ரெக்கார்டுல படம் போட்டு முடிச்சிருந்தா. அவ கத்தினது ப்ரொஃபசருக்கே கேட்டுச்சு: "மச்சி, என் தவளையோட இதயம் கரைஞ்சு கிட்னி பக்கம் ஓடுதுடி!"

நான் வாயை மூடின அதிசயம்

தை மாசம் ராஜி மாமி திரும்ப வந்தாங்க. இந்தத் தடவை தம்பி பொண்ணு வித்யாவோட. கல்யாணப் பொண்ணு. இடுப்பைத் தாண்டி அடர்த்தியா முடி, பாத்த உடனே எங்க மேடம் கண்ணு மின்னுச்சு. பூ ஜடை, ராக்கொடி, குஞ்சலம், எல்லாத்துக்கும் ஆர்டர். எல்லாம் முடிஞ்சு கிளம்புற நேரத்துல மாமி என் பக்கம் திரும்பினாங்க. "ஏன்டி, முகூர்த்தத்தன்னிக்குக் கார்த்தால மங்கள ஸ்நானம் இருக்கு. நன்னா எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டே பின்னிக்கலாமோன்னோ?"

கூடாது! உச்சந்தலைல ஒரு சொட்டு வெச்சு, ரெண்டு சொம்பு தோள்ல ஊத்தினாப் போதும், தலையை முந்தின நாளே அலசிக் காய வெச்சிருக்கணும், இல்லன்னா முகூர்த்தத்துக்குள்ள காயவே காயாது. வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. நிமிர்ந்தா, கண்ணாடில மேடம் என்னையே முறைக்கிறாங்க. அப்பா பேப்பரை இறக்குற மாதிரி இருந்துச்சு. "உங்க இஷ்டம் மாமி"ன்னேன். மாமிக்கு அவ்ளோ சந்தோஷம்: "அப்பாடா! இன்னிக்காவது ஒத்துண்டியே, நன்னா இருடியம்மா!"

காசிக்குக் கிளம்பின மாப்பிள்ளை

கல்யாணத்தன்னிக்கு விடியறப்போ நானும் மேடமும் மண்டபத்துல. வித்யா பாத்ரூம்ல இருந்து வெளிய வர்றா, பின்னாடியே மாமி, கையில காலிக் கிண்ணம். கிண்ணம் நிறைய இருந்த நல்லெண்ணெய் பூரா பொண்ணு தலைல! மேல சும்மா பேருக்கு சீயக்காய். மேடம் பூ ஜடையை வெச்சுக் குத்துறாங்க, அது வழுக்கு மரத்துல ஏறினவன் மாதிரி சர்ருன்னு கீழ இறங்குது. வித்யா அழ ஆரம்பிச்சுட்டா. கண் மை வேற வழியுது.

இழுத்துட்டு ஓடினேன் பாத்ரூமுக்கு. எண்ணெய் போற வரைக்கும் ஷாம்பு போட்டு அலசிக் கொண்டு வந்து டிரையரைச் சொருகுறேன், பக்கத்து ரூம்ல யாரோ இஸ்திரிப் பெட்டியைப் போட்டாங்க, டப்! ஃப்யூஸ். ஃபேன் நின்னுடுச்சு. வெளிய நாதஸ்வரம் ஆரம்பிச்சாச்சு. சுத்திமுத்திப் பாக்குறேன்: ஒரு தாம்பாளத்துல குடை, தடி, ஜரிகை ஒட்டின பனையோலை விசிறி. மாப்பிள்ளை சன்னியாசம் போறேன்னு காசி யாத்திரை கிளம்புற சடங்குக்கு எடுத்துட்டுப் போறது. நைசா விசிறியை உருவினேன். வித்யாவோட சித்தி பொண்ணுங்க ரெண்டு பேரை விட்டு, ஈரப் புடவையைக் காயப்போடுற மாதிரி முடியை ரெண்டு பக்கமும் விரிச்சுப் பிடிக்கச் சொல்லி, பீச்சுல சோளம் சுடுறவங்க மாதிரி விசிறினேன் பாருங்க, கை கழண்டுடுச்சு!

குடையும் தடியும் வாசலுக்குப் போயாச்சு. "விசிறி எங்கே, விசிறி எங்கே"ன்னு கல்யாணம் பண்ணி வைக்கிற வாத்தியார் அங்க கத்துறாரு. மாப்பிள்ளையோட மாமா கதவைத் தட்டி உள்ள எட்டிப் பாக்குறாரு. "பொண்ணு தலை காயணுமா, உங்க பையன் காசிக்குப் போகணுமா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார்!"னு அவர்கிட்டயும் பாஞ்சுட்டேன். மேடம் தலைல கை வெச்சுக்கிட்டாங்க. அப்போ ராஜி மாமி என்னைத் தாண்டிப் போய், கதவை அவர் முகத்துக்கு நேரா சாத்திக்கிட்டே சொன்னாங்க: "விசிறி இல்லாமலே போகட்டும்! எப்படியும் தெருமுனையிலேர்ந்து திரும்பி வரப்போறவன்தானே?"

ஆட்டோல

ஜடை நின்னுச்சு. மாலை மாத்துறப்போ மாமாக்கள் பொண்ணைத் தோள்ல தூக்கி ஆட்டினப்போகூட ஒரு பூ அசையலை. ஆனா திரும்பி வர்ற ஆட்டோல, மாப்பிள்ளை வீட்டு ஆள்கிட்டயே சண்டை போட்டாச்சு, வேலை போச்சு, அப்பா பேப்பரை இறக்கிட்டாருன்னு முடிவே பண்ணிட்டேன். லஸ் சிக்னல்ல மேடம் மெதுவா கேட்டாங்க. "அன்னிக்கு மாமி கேட்டப்பவே உனக்கு இது தெரியும்ல?" தெரியும்னேன். "அப்புறம் ஏன் சொல்லலை?" "நீங்கதானே எதிர்த்துப் பேசாதேன்னீங்க!"

சிக்னல் விழுந்து, பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிச்சான். அதுக்கும் மேல சத்தமா மேடம் வெடிச்சாங்க: "கண்டதுக்கெல்லாம் வாயைத் திறக்கிறியே, திறக்க வேண்டிய அன்னிக்கு உனக்கு என்னடி கேடு? இனிமே கல்யாணப் பார்ட்டி வந்தா முதல்ல நீதான் பேசணும்!"

அதனால சகோதரிகளே, வாரத்துக்கு எத்தனை தடவைன்னு என்கிட்ட கேக்குறதா இருந்தா யோசிச்சுக் கேளுங்க, இப்போ நான் மேடம் பர்மிஷனோடவே சண்டை போடுறேன்.