மஸ்கட்டின் சைவ மாதம்

போன மாதம் எங்கள் வீட்டுக்கு மூன்று விருந்தாளிகள் வந்தார்கள். ஒருவரும் கதைக்கவில்லை. ஒருவரும் டீவி ரிமோட்டைக் கேட்கவில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வேண்டும்.

நத்தைகள்தான்!

மேல் மாடியில் இருக்கும் ரஹீலா குடும்பம் உம்ரா யாத்திரைக்குப் புறப்பட்டது. அப்படியே கட்டாரில் இருக்கும் தம்பியையும் பார்த்துவிட்டு வர ஒரு மாதம் ஆகும். வெள்ளவத்தை ஃபிளாட்டில் மேல் வீடு என்றால் அரைவாசி சொந்தம் அல்லவா? வீட்டுச் சாவியைத் தந்தார்கள், பூச்சாடிகளைத் தந்தார்கள். கடைசியாக மகள் அம்னா, தன்னுடைய நத்தைகள் இருந்த கண்ணாடித் தண்ணீர்த் தொட்டியை வாப்பாவின் கையில் கொடுத்துத் தூக்கிக்கொண்டு வரவைத்தாள்.

அம்னாவுக்கு ஒன்பது வயது. நத்தைகளுக்குப் பலகாரப் பெயர்கள் வைத்திருக்கிறாள் — தொதல், வட்டிலப்பம், மஸ்கட். மஸ்கட்தான் சின்னது, அவளுடைய செல்லம். "அன்ட்டி, மஸ்கட்டுக்கு ஒண்டும் ஆகாதுதானே?" என்று என் மனைவி மங்கையிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"நான் இருக்கிறன்தானே பிள்ளை" என்றாள் மங்கை. வாக்குக் கொடுத்தாயிற்று.

கூடவே ஒரு பாக்கெட் நத்தைச் சாப்பாடும் வந்தது. சின்னச் சின்ன உருண்டைகள். திறந்து பார்த்தேன்... கருவாட்டுக் கடை வாசலில் நிற்பது போல மணம்.

இங்கேதான் வந்தது வினை. அடுத்த நாள் கேதார கௌரி விரதம் தொடங்குகிறது. இருபத்தொரு நாள்! விரதம் மங்கைக்கு, சைவம் முழு வீட்டுக்கும். நான் விரதம் பிடிப்பதில்லை. ஆனால் குசினியில் எனக்கென்று தனி அரசாங்கமா நடக்கிறது? அந்த நாட்களில் ஒரு முட்டைகூட எங்கள் வாசல்படி தாண்டாது.

"இஞ்சருங்கோ, இந்த மணம் வீட்டுக்குள்ள வேண்டாம்" என்றாள். பாக்கெட் பல்கனிக்குப் போனது. கொழும்புக் காகங்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா? பின்னேரம் போய்ப் பார்த்தால் கிழிந்த கவர்தான் கிடந்தது.

மங்கை கலங்கவில்லை. "இந்த வீட்டில இருக்கும் மட்டும் அதுகளும் சைவமா இருக்கட்டும். புண்ணியம் கிடைக்கும்" என்றாள்.

அன்றிலிருந்து தொடங்கியது உபசாரம். முதல் நாள் பசளிக் கீரை அவிக்கும்போது உப்புப் போடப் போனாள் — உப்பில்லாமல் அதுகள் என்னெண்டு சாப்பிடும், பாவங்கள்? கையைப் பிடித்துத் தடுத்தேன். நத்தைக்கு உப்பு ஆகாது என்பது எனக்கே தெரியும். மறுநாள் வெள்ளரிக்காய். பிறகு பூசணி. ஒரு நாள் கரட்டை மெல்லிசாகச் சீவி, மெத்தென்று அவித்து, ஆறவைத்து, பதமாகத் தண்ணீருக்குள் இறக்கினாள். மிஞ்சியதைப் பின்னேரமே எடுத்துவிடுவாள், இல்லாவிட்டால் தண்ணீர் பழுதாகிவிடுமாம். எனக்கு? நேற்றைய பருப்பு.

நத்தைகளும் வஞ்சகமில்லாமல் சாப்பிட்டன. பசளி இறங்கினால் தொதலும் வட்டிலப்பமும் கொழும்பு–காலி வீதிப் பஸ்களைப் போல ஒன்றையொன்று முந்தப் பார்க்கும். வேகம்தான் கொஞ்சம் குறைவு.

இரண்டாவது கிழமை மங்கை என்னை அவசரமாகக் கூப்பிட்டாள். மஸ்கட்டின் ஓட்டு ஓரம் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருந்தது. ஒரு இடத்தில் சின்னக் குழி வேறு.

"அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லுறது?" அவளுடைய குரல் உடைந்துவிட்டது. முப்பது வருஷம் ஒன்றாக இருந்தவனுக்கு அந்தக் குரல் தெரியும். நானும் பயந்துபோனேன்.

அன்றைக்கென்று பார்த்து வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு. மக்காவிலிருந்து அம்னா. மங்கை தொதலைக் காட்டினாள். வட்டிலப்பத்தைக் காட்டினாள். திரும்பவும் தொதலைக் காட்டினாள்.

"மஸ்கட் எங்க அன்ட்டி?"

ஃபோன் என் கைக்கு மாறியது. "மஸ்கட் நித்திரை பிள்ளை" என்றேன்.

"பரவாயில்ல, காட்டுங்க அங்கிள்."

காட்டினேன். முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். அழப்போகிறாளோ என்று நினைத்தேன். அவளோ, "ஓரத்துல வெள்ளையா ஈக்குது. முட்டைக்கோது போடல்லியா? உம்மா அவிச்சு, காயவெச்சு, தூளாக்கிப் போடுவாங்க. ஒரு கோது ஒரு கிழமை முழுக்கப் போதும். மரக்கறி மட்டும் குடுத்தா ஓடு வளராது அங்கிள்" என்றாள்.

நான் மங்கையைப் பார்த்தேன். விரத நாளில் முட்டையா? இன்றைக்கு ஒரு பெரிய வழக்கு நடக்கப்போகிறது என்றுதான் எதிர்பார்த்தேன்.

அவள் சாமியறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு, "நேர்ந்தது நான். இந்தச் சீவன் என்னத்துக்கு என்ர விரதத்தைப் பிடிக்கவேணும்?" என்று சொல்லி, மேல் வீட்டுச் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். "முட்டையை வாங்கிக்கொண்டு மேல போங்கோ. அங்க வைச்சு அவியுங்கோ. அதுகளின்ர சாப்பாட்டுப் பாக்கெட் புதுசா ஒண்டும் வாங்குங்கோ, அதையும் அங்கயே வையுங்கோ."

சொன்னபடி செய்தேன். அவித்த முட்டையின் கோதை உரித்துக் காயவைத்து, தூளாக்கித் தொட்டியில் போட்டேன். ஒரு நாள் பசளி, ஒரு நாள் கருவாட்டு உருண்டை என்று மஸ்கட்டுக்கு நல்ல கலப்புச் சாப்பாடு. ஆனால் முட்டைக்கு உள்ளே ஒன்று இருக்கிறதே, அதை என்ன செய்வது? வீசினால் பாவமில்லையா? ரஹீலாவின் அலுமாரியில் மிளகுத்தூளும் இருந்தது... அதற்குப் பிறகு நத்தை வளர்ப்பில் எனக்கு ஏற்பட்ட ஈடுபாட்டைச் சொல்லி முடியாது. காலையில் தவறாமல் மேலே போனேன்.

போன கிழமை அவர்கள் வந்து இறங்கினார்கள். அம்னா செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து தொட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். மஸ்கட்டின் பழைய ஓரம் வெள்ளைதான். ஆனால் அதைத் தாண்டிப் புதிதாக ஒரு கீற்று வளர்ந்திருந்தது, தேன் நிறத்தில், மினுமினுவென்று.

"உம்மா, மஸ்கட் வளந்திட்டு" என்றாள். மங்கையின் கண் கலங்கிவிட்டது. என் கண்ணும்தான், மறைப்பானேன்?

ரஹீலா பேரீச்சம்பழத்தை நீட்டியபடி, "விரத நாள்ல முட்டையெல்லாம் அவிச்சு... ஒங்களுக்குத்தான் எவ்வளவு கஷ்டம்" என்றாள்.

"எனக்கென்ன கஷ்டம்? எல்லாம் இவர்தான்" என்றாள் மங்கை. என்னைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. "ஒரு கோது ஒரு கிழமைக்குக் காணும் எண்டு பிள்ளை சொன்னவள். இவர் ஏன் ஒவ்வொரு நாளும் அவிச்சவர் எண்டு நான் கேட்கேல்லை."

நத்தைக்காவது உள்ளே போய் ஒளிய ஒரு ஓடு இருக்கிறது.