சரிங்க என்ற சொல்

போன மாதம் கோயில் மண்டபத்தைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. தலைவர் எழுந்து, எல்லாரையும் கலந்துதான் முடிவு செய்தோம், ஒருவர்கூட மறுக்கவில்லை என்றார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். வயதானவனுக்குத் தலைசுற்றல் என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு வந்தது கோபம். ஒருவர்கூட மறுக்கவில்லை என்று யார் சொன்னாலும், அங்கே மறுக்க முடிந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றுகிறது. அவர்கள் பேசியதை இடையில் நின்று எடுத்துச் சொன்னவன் யார் என்றும் கேட்கத் தோன்றுகிறது.

இடையில் நின்றவனாக ஒரு காலத்தில் நானே இருந்தேன்.

பினாங்கு வெல்ட் கீயில், கடலைப் பார்த்தபடி இருந்த ஒரு கிடங்கில் நான் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். யாழ்ப்பாணத்தில் பாதிரிமார் பள்ளியில் ஆங்கிலம் படித்துவிட்டு வந்தவன். கிடங்கை நடத்திய வெள்ளைக்காரத் துரைக்குத் தமிழ் தெரியாது. மூட்டை சுமப்பவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. இரண்டு பக்கமும் போய் வருவது என் வாய் ஒன்றுதான். அந்த வேலை எனக்குக் கொடுத்த திமிரை இப்போது நினைத்தாலும் அருவருப்பாக இருக்கிறது.

சுமப்பவர்கள் எல்லாரும் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள். என் தமிழ் அவர்களுக்கு வேடிக்கை. ஆமாம் என்பதற்கு நாங்கள் ஓம் என்போம். நான் கிடங்குக்குள் வரும்போது, "ஓம் ஐயா வர்றாருல்ல, தேங்காய் உடைங்க" என்று யாராவது முணுமுணுப்பார்கள். சிரிப்பு மூட்டைகளுக்கு நடுவே ஓடும். எனக்குக் கேட்காதது போல் இருப்பேன். எல்லாம் கேட்கும்.

அவர்களின் தலைவனை மண்டோர் என்று அழைப்பார்கள். ஆள் பிரிப்பது, வேலை காட்டுவது எல்லாம் அவன்தான். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டான், ஆனால் ஓம் ஐயா என்ற பெயரை எனக்கு வைத்தவன் அவன்தான்.

முதலில் இருந்த துரை வாய் திறந்தால் வசவு. யாரையும் எதையும் கேட்டதில்லை. ஆனால் அந்த மனிதன் தினமும் கிடங்கு வாசலிலிருந்து கல்படியில் இறங்கித் தொங்கான் வரை போவான். தொங்கான் என்பது கரையிலிருந்து கப்பலுக்குச் சரக்குக் கொண்டுபோகும் பெரிய படகு. படியில் பாசி இருக்கிறதா என்று பூட்ஸ் காலால் தேய்த்துப் பார்ப்பான். அவன் வைத்த விதி ஒன்று உண்டு. மண்டோர் கையைத் தூக்கினால் வேலை அந்த நிமிடமே நிற்க வேண்டும். ஏன் என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். அதற்குக் கலந்தாலோசனை என்றெல்லாம் யாரும் பெயர் வைக்கவில்லை.

அவன் போன பிறகு வந்த புதுத் துரை இளைஞன், இனிமையானவன். குரல் உயராது. என்னை முதன்முதலாக நாற்காலியில் உட்காரச் சொன்ன வெள்ளைக்காரன் அவன். ஆட்களை மாடு போல ஏவுவது பழைய காலம், இனி எந்த மாற்றமானாலும் அவர்களைக் கேட்டுத்தான் செய்வேன் என்றான். சனிக்கிழமை மத்தியானம் தோறும் தராசுக்குப் பக்கத்தில் எல்லாரையும் கூட்டினான். அவர்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்கள். துரை பேசுவான், நான் தமிழில் சொல்லுவேன், அவர்கள் "சரிங்க" என்பார்கள். சம்மதிக்கிறார்கள் என்று நான் ஆங்கிலத்தில் சொல்லுவேன். துரை தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வான்.

கையைக் கட்டி நிற்கும் ஒருவன், தனக்கு மேலே இருப்பவனிடம் "சரிங்க" என்றால் என்ன பொருள் என்று தமிழ் தெரிந்த எவனுக்கும் தெரியும். நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்று பொருள். அதற்குமேல் ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் ஒத்துக்கொண்டால் ஓம் என்போம், அதனால் இவர்களின் சரியை நான் தவறாகப் புரிந்துகொண்டேன் என்று என் மனைவியிடம் பல வருடம் சொல்லிவந்தேன். பொய். முதல் சனிக்கிழமையே எனக்குத் தெரியும்.

பிறகு ஏன் அப்படிச் சொன்னேன்? கூலியாட்களைக் கேட்கிறான், என்னைக் கேட்கவில்லை. அதுதான் காரணம். இந்தக் கிடங்கில் பதினோரு வருடம் பேனா பிடித்தவனை ஒரு குழாய் போல நடுவில் நிறுத்தி, அந்தப் பக்கத்து ஆளிடம் உன் கருத்து என்ன என்கிறான். அந்தக் கருத்துகளுக்கு ஒரு சொல்லுக்குமேல் இடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை துரை புதிய திட்டம் ஒன்றைச் சொன்னான். கல்படியில் ஒவ்வொரு மூட்டையாகச் சுமப்பதை விட்டுவிட்டு, கிடங்கு வாசலிலிருந்து கரை வரை சரிவாகப் பலகை போட்டு, கைவண்டியில் ஆறு ஆறு மூட்டையாக இறக்க வேண்டும். முதுகு தேயாது, உங்களுக்குத்தான் நல்லது என்றான். அதோடு, கை தூக்கி வேலையை நிறுத்தும் பழக்கம் வேண்டாம், குறை இருந்தால் சனிக்கிழமை சொல்லலாம் என்றான். நான் தமிழில் சொன்னேன். ஆட்கள் மண்டோரைப் பார்த்தார்கள். பிறகு மண்டோர் "சரிங்க" என்றான். மற்றவர்களும் சொன்னார்கள். துரை எழுதிக்கொண்டான்.

கூட்டம் கலைந்ததும் மண்டோர் என் மேசைக்கு வந்தான். கொப்பரை மூட்டையிலிருந்து எண்ணெய் கசிந்து பலகையில் ஊறும், அதன்மேல் மழைத்தண்ணீர் பட்டால் நிற்க முடியாது என்றான். பலகையில் முழத்துக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டம் அடிக்க வேண்டும், வண்டிக்குப் பின்னால் கயிறு கட்டி இரண்டு பேர் பிடிக்க வேண்டும், மழை நாளில் பழையபடி கல்படியிலேயே சுமக்கிறோம் என்றான். கையால் அளந்து காட்டினான். அந்தத் திட்டத்தைப் பற்றி அந்தக் கிடங்கில் யோசித்தவன் அவன் ஒருவன்தான்.

இதைத் துரையிடமே சொல்லியிருக்கலாமே என்றேன். அவன் சிரித்தான். "அவரு எங்களத்தானே கேட்டாரு, உங்கள இல்லையே, அந்தக் கோவம் உங்களுக்கு. இருந்தாலும் நீங்க சொன்னாத்தான் ஐயா அவரு காதுக்குப் போவும்."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் என் உள்ளே இருந்ததை அப்படியே எடுத்து மேசைமேல் வைத்துவிட்டான். "ஓம் மண்டோர், துரையிட்டச் சொல்லுறன்" என்றேன்.

சொல்லவில்லை. மறக்கவும் இல்லை. திங்கட்கிழமை துரையின் அறையில் நின்றபோது நாக்கு நுனியில் இருந்தது. ஆட்கள் எவ்வளவு ஒத்துழைக்கிறார்கள் பார்த்தீரா என்று அவன் மகிழ்ந்துகொண்டிருந்தான். நான் தலையாட்டினேன்.

இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது வாரம் அக்கரையிலிருந்து கொப்பரை வந்து இறங்கிய மறுநாள், பகலில் மழை பிடித்தது. மண்டோர் பலகையின் அடியில், தொங்கானைக் கட்டும் இரும்புக் கட்டை அருகே நின்றிருந்தான். மேலே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவன் கையைத் தூக்கினான். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். தள்ளியவர்களும் பார்த்தார்கள். ஆனால் கை தூக்கினால் நிற்கக் கூடாது என்று அவர்களுக்கு என் வாயால்தான் சொல்லப்பட்டிருந்தது. ஒரு கணம் தயங்கினார்கள். அதற்குள் வண்டி பலகையில் ஏறிவிட்டது, பிறகு யாராலும் பிடிக்க முடியவில்லை. அந்த இரும்புக் கட்டைக்கும் வண்டிக்கும் நடுவில் அவன் இடது கால் நசுங்கியது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள்.

ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கப்பல் கப்பலாக ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. மண்டோர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் துரையின் அறையில் விசாரணை வைத்தார்கள். மேலிடத்திலிருந்து ஒருவர் வந்தார். மண்டோர் தன் சம்மதத்தோடு நடந்த வேலையில் கவனக்குறைவாக நின்றான் என்றால் வேலை போகும், அவனும் மனைவியும் இருந்த, கம்பெனி கொடுத்த லயத்து அறையும் போகும். ஆபத்தை அவன் முன்பே சொல்லியிருந்தான் என்றால் அறை மிஞ்சும், உட்கார்ந்து பார்க்கும் வேலை ஏதாவது கிடைக்கும். அவன் வாழ்க்கை அந்த ஒரு கேள்வியில் தொங்கியது. அதற்கு மொழிபெயர்ப்பாளன் நான்.

கோலை ஊன்றிக்கொண்டு வந்து நின்றான். நீ இந்தத் திட்டத்துக்குச் சரி என்று சொன்னாயா என்று கேட்கச் சொன்னார்கள். கேட்டேன்.

"சொன்னேங்க. துரை சொன்னதக் கேட்டுக்கிட்டோம்னு சரின்னு சொன்னேன். அப்புறம் உங்க மேசைக்கு வந்து சட்டம் அடிக்கணும், கயிறு கட்டணும், மழைல வேணாம்னு எல்லாத்தையும் சொன்னேன். நீங்களும் துரைகிட்ட சொல்றேன்னீங்க. அதச் சொல்லுங்க ஐயா."

நான் மேலிடத்து ஆளைப் பார்த்து, சொன்னதாக ஒத்துக்கொள்கிறான் என்றேன். அவ்வளவுதான்.

மண்டோருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் நீளம் தெரியும். அவன் என் முகத்தையே பார்த்தான்.

"நான் அம்புட்டுச் சொன்னேன். ஐயா இத்துனூண்டுதான் சொன்னீங்க. எல்லாம் அதுக்குள்ள அடங்கிருச்சா?"

"ஓம்" என்றேன்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அறிக்கையை நான்தான் தட்டச்சு செய்தேன். தொழிலாளரைக் கலந்தாலோசித்த பின்னரே மாற்றம் செய்யப்பட்டது, எவரும் மறுப்புத் தெரிவிக்கவில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. நல்ல ஆங்கிலம். அந்த வாரமே லயத்து அறை காலியானது. கப்பல் ஏற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை.

அந்தத் துரைமேல் எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது. ஒரு தடவை பலகையில் கால் வைத்துப் பார்த்திருந்தால் போதும். கேட்பது என்பது ஒரு சடங்கு, அதை முடித்துவிட்டால் பொறுப்பு கேட்கப்பட்டவன் தலையில் இறங்கிவிடும் என்று நினைத்த இனிய மனிதன் அவன். ஆனால் அவனுக்குப் பதில் கிடைக்கவே இல்லை. பதிலை வாங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டவன் நான்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அடுத்த திங்கட்கிழமை துரையிடம் போய், பலகையில் முழத்துக்கு ஒரு குறுக்குச் சட்டம் அடிக்கலாம், வண்டிக்குக் கயிறு கட்டலாம், மழை நாளில் கல்படியையே பயன்படுத்தலாம் என்றேன். என் யோசனையாகச் சொன்னேன். அவன் எழுந்து என் கையைக் குலுக்கினான். இதற்காகத்தான் எல்லாரையும் கேட்க வேண்டும் என்கிறேன் என்றான்.

வெளியே வந்து ஆட்களிடம் சட்டம் அடிக்கச் சொன்னேன். எந்த இடைவெளியில் என்று கையால் அளந்தும் காட்டினேன், மண்டோர் எனக்குக் காட்டிய அதே அளவில். அவர்கள் தலைத்துண்டை அவிழ்க்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரிங்க" என்றார்கள்.