மாதிரி பில்லில் வஹாப்பின் அம்மா

வஹாப்பைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். இதில் மறைக்க என்ன இருக்கிறது? இருவரும் ஒரே பாலிடெக்னிக், ஒரே பெஞ்சு. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் அவன் அத்தா பிளாஸ்டிக் குடம் விற்ற கடையில் பாதியைத் தடுத்து, கம்ப்யூட்டர் போட்டு உட்கார்ந்தான். நெல் மண்டிகளுக்கு எடையும் பில்லும் போடும் சாஃப்ட்வேர் விற்கிறான். ஆறு மண்டி அவன் கையில். எனக்கும் அதே தொழில்தான். ஒரு மண்டிகூட இல்லை.

மிச்சமிருந்தது தேவராஜன் மண்டி. அதுவும் போனால் நான் கடையை மூட வேண்டியதுதான்.

வஹாப் விற்கும் சாஃப்ட்வேரின் அடிப்படை நெட்டில் இலவசமாகக் கிடப்பதை ஒருநாள் கண்டுபிடித்தேன். அடடா, என்ன சந்தோஷம்! நேரே தேவராஜனிடம் ஓடினேன்.

"அண்ணே, அவன் விக்கிறது ஓசி சரக்கு. நெட்ல சும்மா கெடக்குறத எடுத்து உங்க தலைல கட்டப் பாக்குறான். திருட்டுண்ணே!"

தேவராஜன் போன் போட்டு வஹாப்பை வரச் சொன்னார். சிரித்துக்கொண்டே வந்தான், பாவி.

"ஆமாண்ணே, அடிப்படை நான் எழுதினது இல்ல," என்று லேப்டாப்பைத் திறந்தான். எழுதியவர்களின் பெயர்கள், உரிமம், எல்லாம் திரையிலேயே இருந்தன. "யார் வேணா எடுக்கலாம், விக்கலாம். அவங்க பேரையும் உரிமத்தையும் மட்டும் அழிக்கக் கூடாது. மண்டிக்கு ஏத்த மாதிரி செஞ்சி குடுக்கிறதுக்குத்தான் நான் துட்டு வாங்குறேன். தமிழ் பில்லு நானே எழுதி, அதே கண்டிஷன்ல நெட்ல போட்டுக்கீறேன்."

தேவராஜன் என் பக்கம் திரும்பினார். "செரி தினகரா, உன்துல ஒரு மாதிரி பில்லு அடிச்சிக் காட்டு."

என் லேப்டாப்பை மண்டி பிரிண்டரில் சொருகி அழுத்தினேன். பிரிண்டர் தாளைத் தள்ளியது: 'தாஜுன்னிசா, மாகறல். நெல் மூன்று மூட்டை.'

வஹாப் அதை எடுத்துப் பார்த்தான். "நைனா, இது எங்கம்மா பேரு. சரியா அடிக்குதான்னு பாக்க நான் போட்டு வெச்சது."

தமிழ் பில் பகுதியை நெட்டிலிருந்துதான் எடுத்திருந்தேன். தலைப்பில் இருபது வரி இங்கிலீஷ். எவனோ வெள்ளைக்காரன் எழுதியது என்று படிக்காமலே அழித்துவிட்டு என் கடைப் பெயரைப் போட்டேன். மாதிரி பில்லை ஒருநாளும் அடித்துப் பார்த்ததில்லை.

"இன்னாப்பா, திருட்டுன்னியே?" என்றார் தேவராஜன்.

வஹாப்தான் பேசினான். "வுடுங்கண்ணே. அவன் எடுத்ததுல தப்பில்ல, நல்லா விக்கட்டும். அழிச்ச வரிங்கள திரும்பப் போட்டுட்டா போதும்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, என் கடைப் பெயருக்கு மேலே அவன் பெயரை நானே அடித்தேன். ஏழாவது மண்டியும் அவனுக்குத்தான் போனது.