காத்தக்கா வீட்டுக்கு அனுப்பிய டாக்ஸிக்காரர்

டாக்ஸிக்காரரை வீட்டுக்கு அனுப்பிய புதன்கிழமை காலையிலும் காத்தக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மார்பைத்தான் பார்த்தாள். ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நுழைந்தது. நர்சுகள் கையசைத்தார்கள். தரை துடைக்கிற பெண் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். டாக்ஸிக்காரரின் மனைவி ஒருத்தர் விடாமல் எல்லாருக்கும் இரண்டு தரம் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். காத்தக்கா மட்டும் போர்வை ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தபடி நின்றாள். கதவு மூடிக்கொண்டது.

"போர்வைக்கு டாட்டா காட்டற ஒரே ஆளு நீங்கதான்க்கா" என்றாள் பக்கத்தில் நின்ற நர்ஸ்.

அவள் பெயர்ப்பட்டையில் சுவாச சிகிச்சையாளர் என்று போட்டிருக்கிறது. அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் யாருக்காவது மூச்சு முட்டினால் "காத்தக்காவக் கூப்பிடு" என்று ஒரு குரல் கிளம்பும், அவ்வளவுதான். தானாக மூச்சு விட முடியாதவர்களை வென்டிலேட்டரில் போடுவாள். அது தன் இஷ்டத்துக்கு ஊதாமல் நோயாளியின் மூச்சோடு ஒத்துப்போகும்வரை விடமாட்டாள். சளியை உறிஞ்சி எடுப்பாள். அப்புறம் நாள்கணக்கில் கெஞ்சியும் மிரட்டியும் அந்த இயந்திரத்திடமிருந்து ஆளைப் பிரித்தெடுப்பாள். "மாட்டிவிடறது ஒரு நிமிஷ வேலை. கழட்டறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்பாள்.

அவள் சட்டைப் பைகள் எப்போதும் பிதுங்கியிருக்கும். கத்தரிக்கோல், டார்ச், பிளாஸ்டர் சுருள், விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் குட்டிக் கருவி, எந்தக் குழாயையும் எந்தக் குழாயோடும் சேர்த்துவிடக்கூடிய பிளாஸ்டிக் இணைப்புகள். இணைப்புகளில் ஒன்றாவது தினமும் அவளோடு வீட்டுக்கு வந்துவிடும். வாஷிங் மெஷினுக்குள் அது கடகடவென்று உருளும்போது, "உங்க ஆஸ்பத்திரி உள்ள சுத்துது பாரு" என்பார் கணவர். ஸ்டெதஸ்கோப்பின் குழாயில் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி, 'இது எந்த டாக்டருடையதும் அல்ல' என்று எழுதி வைத்திருக்கிறாள். இரவல் போய்த் திரும்பாத மூன்றாவது ஸ்டெதஸ்கோப்புக்குப் பிறகு வந்த ஞானம். செருப்பில் மட்டும் சிக்கனம் பார்ப்பதில்லை. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. கால் போனால் எல்லாம் போச்சு என்று புதிதாக வருகிறவர்களிடம் புத்தகத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் செருப்பைப் பற்றித்தான் சொல்வாள்.

மார்பைப் பார்க்கும் பழக்கம் ஆஸ்பத்திரி வாசலோடு நிற்பதில்லை. பஸ்ஸில் எதிரே தூங்குகிறவரின் விலா எலும்பு உள்ளே இழுக்கிறதா என்று பார்ப்பாள். சினிமாவில் கதாநாயகன் சாகும்போது, "இன்னும் மூச்சு விடறான்" என்று சத்தமாகச் சொல்லி, முன் வரிசையில் இருப்பவர்களைத் திரும்பிப் பார்க்க வைப்பாள். கணவரின் குறட்டை நடுநடுவே நின்று போவதைப் பார்த்துவிட்டு அவரைத் தூக்கப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனதும் அவள்தான். இப்போது மூக்கில் காற்று ஊதும் முகமூடி மாட்டிக்கொண்டுதான் அவர் படுக்கிறார். "ஊர்ல எல்லாருக்கும் பொண்டாட்டி போர்வை போத்திவிடுவா. எனக்குக் குழாய் மாட்டிவிடறா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். ஆனால் பகலில் கடையில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவது நின்றுபோனதை மட்டும் சொல்லமாட்டார்.

டாக்ஸிக்காரர் வந்தது கோடைத் தொடக்கத்தில். வேறு ஊர். ஏதோ காய்ச்சலுக்குப் பிறகு நரம்புகள் சோர்ந்து, கால் போய், கை போய், கடைசியில் மூச்சும் போகிற நிலையில் கொண்டுவந்தார்கள். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். கால் கைகள் மெல்லத் திரும்பின. மூச்சுத் தசைகள் மட்டும் பாதி வழியில் நின்றுகொண்டன. பகலில் தானாக மூச்சு விடுவார். தூக்கத்தில் இயந்திரம் வேண்டும்.

கழுத்துக் குழாய் இருந்தால் குரல் வராது. அதற்காக ஒரு சின்ன வால்வு உண்டு. காத்தக்கா அதைப் பேச்சு மூடி என்பாள். குழாயின் வாயில் அதை மாட்டினால் காற்று குழாய் வழியே உள்ளே போகும், வெளியே வரும்போது தொண்டை வழியாக வரும், குரல் பிறக்கும். முதல் தடவை மாட்டிய அன்று, இத்தனை வாரம் ஊமையாகக் கிடந்த மனிதர் என்ன பேசப்போகிறாரோ என்று மனைவி கண்ணீரோடு நின்றார்.

"வண்டிய யாரு ஓட்டறா?" என்றார் டாக்ஸிக்காரர். அந்த மூன்று வார்த்தைக்கே ஒரு மூச்சு தீர்ந்துபோனது.

"என் தம்பிதாங்க."

"போச்சு" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த மூடியில் ஒரு ஆபத்து உண்டு. குழாயைச் சுற்றித் தொண்டைக்குள் ஒரு குட்டி பலூன் இருக்கும். சிரிஞ்சால் அதிலிருக்கும் காற்றை எடுத்த பிறகுதான் மூடியை மாட்ட வேண்டும். எடுக்காமல் மாட்டினால் காற்று உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. வீட்டுக்குப் போனால் இதையெல்லாம் செய்யப்போவது மனைவிதான். அவர் தையல்காரர், பொடி வேலைக்குப் பழகிய விரல்கள். காத்தக்கா சொல்லிக் கொடுத்ததை இரண்டாம் நாளே பிடித்துக்கொண்டார். முதலில் சிரிஞ்ச், பிறகு மூடி. பிசகே இல்லை.

பிசகியது மச்சினன் வந்த அன்று. அக்காவுக்குச் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் நின்று தலையைச் சொறிந்தான். "மாமா, வண்டி நல்லா ஓடுது மாமா. கதவுல மட்டும் லேசா ஒரு கோடு."

டாக்ஸிக்காரருக்கு முகம் சிவந்தது. கழுத்தைக் காட்டி, மாட்டு மாட்டு என்று மனைவிக்குச் சைகை செய்தார். தம்பிக்குப் பரிந்து பேசுவதா, புருஷனைச் சமாதானப்படுத்துவதா என்று தடுமாறிய அந்த அம்மா அவசரத்தில் மூடியை எடுத்து மாட்டிவிட்டார். பலூன் அப்படியே இருந்தது. டாக்ஸிக்காரர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கண்கள் பிதுங்கின. கட்டில் கம்பியைக் கையால் அடித்தார்.

"பெயின்ட் அடிச்சுத் தந்துடறேன் மாமா! சத்தியமா மாமா!" என்று மச்சினன் பின்வாங்கினான்.

"ஏங்க, ஒரு கோடுதாங்க, இதுக்குப் போய் இப்படியா?" என்றார் மனைவி.

காத்தக்கா பக்கத்துக் கட்டிலில் வேறு வேலையாக இருந்தாள். சண்டைச் சத்தம் கேட்டுத் திரும்பியவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மார்பு ஏறியது. இன்னும் ஏறியது. இறங்கவில்லை. ஒரே தாவல், மூடி தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. புஸ்ஸென்று காற்று வெளியே வந்தது. டாக்ஸிக்காரரின் உதட்டில் நிறம் திரும்பும்வரை அவர் தோளைப் பிடித்தபடியே நின்றாள். மனைவி அதற்குள் கட்டிலருகே தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

பெரிய டாக்டர் நிதானமானவர். அன்று மாலை காத்தக்காவைக் கூப்பிட்டார். "இங்க நீங்க பக்கத்துல இருந்தீங்க. வீட்டுல யாரும்மா இருப்பா? நீண்டநாள் பராமரிப்பு இல்லத்துக்கு எழுதிடறேன்."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்று காத்தக்காவுக்கும் தெரியும். ஆனால் அந்த இல்லங்களையும் அவள் பார்த்திருக்கிறாள். வரிசையாகக் கட்டில்கள், பேச்சு மூடி மாட்டிவிட ஆளுக்கு நேரம் இருக்காது, பேசவேண்டிய அவசியமும் மெல்ல இல்லாமல் போய்விடும். "இன்னும் கொஞ்ச நாள் குடுங்க சார்" என்றாள். "அந்தம்மாவுக்கு வேலை தெரியும். அவசரத்துல செய்யத்தான் நாம சொல்லித்தரல. அமைதியா இருக்கும்போது மட்டுமே சொல்லிக்குடுத்தேன் பாருங்க, அது என் தப்பு."

மறுநாள் மனைவி வீங்கிய கண்களோடு வந்தார். கையில் நீலத் துணியில் தைத்த ஒரு பை. அடியில் மூடிக்கு ஒரு அறை. அதன் வாயை அடைத்தபடி குறுக்கே சிரிஞ்சுக்கு ஓர் உறை. சிரிஞ்சை உருவாமல் மூடியை எடுக்க முடியாது. "என் கையை நான் நம்பலைங்க. பையை நம்பறேன்" என்றார்.

காத்தக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மச்சினனை வரவழைத்தாள். அன்றிலிருந்து தினமும் அந்தக் கட்டிலில் சண்டை நடந்தது. மச்சினனின் வேலை, கதவுக் கோட்டைப் பற்றி மாமாவிடம் வாய்கொடுப்பது. காத்தக்காவின் வேலை, நடுவில் புகுந்து அந்த அம்மாவைத் திட்டுவது. "சீக்கிரம், சீக்கிரம்! என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க? வீட்டுல சண்டை வராமலா இருக்கப்போவுது?" பக்கத்துக் கட்டில்காரரின் உறவுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். மச்சினன் மட்டும், "நீ இதுக்கெல்லாம் நடிக்கவே வேண்டாம்டா" என்று மாமாவிடம் நிஜமாகவே திட்டு வாங்கிக்கொண்டிருந்தான். எந்தக் கூச்சலிலும் அந்த அம்மாவின் கை முதலில் சிரிஞ்சுக்கே போனது. ஒருநாள் பெரிய டாக்டர் திரைக்குப் பின்னால் நின்று முழுச் சண்டையையும் பார்த்தார்.

"உங்க பொறுப்பு" என்றார்.

"என் பொறுப்புதான் சார்" என்றாள் காத்தக்கா. அடுத்த புதன்கிழமை லிஃப்ட் கதவு மூடியது.

முதல் வாரம் அந்த அம்மா தினமும் போன் செய்தார். மெஷின் கீச்சென்கிறது, குழாயில் தண்ணீர் சேர்கிறது, இவர் உப்பில்லை என்று தட்டைத் தள்ளுகிறார். பிறகு வாரத்துக்கு ஒன்று. மழைக்காலம் வந்தபோது அதுவும் நின்றது. நன்றாக இருக்கிறவர்கள் கூப்பிடமாட்டார்கள். நன்றாக இல்லாமல் போனவர்களின் வீட்டிலிருந்தும் போன் வராது.

"நீயே ஒரு போன் போட்டாத்தான் என்னம்மா?" என்று கேட்டாள் மகள்.

"போட்டு, அந்தம்மா அழுதா?"

"அப்படி இருந்தா தெரிஞ்சுக்க வேண்டாமா?"

"தெரிஞ்சுக்கலாம், தெரிஞ்சுக்கலாம்" என்று காத்தக்கா அடுப்பைத் துடைத்தாள். ஏற்கனவே துடைத்த அடுப்பு. எத்தனையோ அபாயமணிகளை ஓடிப்போய் அணைக்கிறவளுக்கு அந்த ஒரு எண்ணை அழுத்தக் கை வரவில்லை.

அந்த மாதங்களில் அவளோடு படித்தவன் ஒருவன் ஆஸ்பத்திரிக்கு வந்து போனான். வென்டிலேட்டர் விற்கும் கம்பெனியில் பயிற்சியாளராக இருக்கிறான். கழுத்தில் டை, கையில் சக்கரம் வைத்த பெட்டி. "இன்னும் சளிதான் உறிஞ்சிக்கிட்டு இருக்கியா? எங்க பக்கம் வந்துடு" என்றான்.

"நீ விக்கற மெஷின்ல மட்டும் சளி வராதா?"

"வரும். உறிஞ்சறது வேற யாரோ."

அவள் சிரித்து அனுப்பிவிட்டாள். இந்த வேலையிலிருந்து போக எத்தனை வாசல் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்: கம்பெனி, தூக்கப் பரிசோதனைக் கூடம், கல்லூரியில் பாடம் எடுப்பது. அவள் மனசு வேறு எங்கோ இருந்தது. வீட்டில் வென்டிலேட்டரோடு இருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை ஒன்று உண்டு. அதற்கு ஒரு தேர்வு. டாக்ஸிக்காரர் வீட்டுக்குப் போன அந்த மாதமே பெயர் கொடுத்திருந்தாள். முதுகு பிய்ந்த பழைய பாடப்புத்தகத்தை எடுத்து ரப்பர் பேண்ட் போட்டாள். குளியலறைக் கண்ணாடியில் கேள்வி அட்டைகள் ஒட்டினாள். பல் தேய்க்கும்போது பாதி முகம்தான் தெரிந்தது. மகள் போனில் வினாத்தாள் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பாள், இவள் வெங்காயம் நறுக்கியபடி பதில் சொல்வாள்.

"நோயாளி வீட்டில் மின்சாரம் நின்றுவிட்டது. முதலில் என்ன செய்வீர்கள்? நாலு விடை இருக்கு."

"முதல்ல ஆளப் பாப்பேன்."

"அது விடைல இல்லம்மா."

"இல்லாட்டி கேள்வி தப்பு."

தேர்வில் ஒருமுறை தோற்றாள். மறுபடி பணம் கட்டி எழுதினாள். முடிவு வர இன்னும் நாள் இருந்தது.

மழை நின்று, குளிர் போய், மறுபடி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு விடுமுறை நாள் காலை. துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தபோது மகள் அவள் போனை நீட்டினாள். "ஏதோ தெரியாத நம்பர்ல இருந்து குரல் பதிவு வந்திருக்கு."

காத்தக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அழுத்தினாள்.

"காத்தக்கா, நான்தான் டாக்ஸி பேசறேன், பக்கத்து வீட்டுல சுவரை இடிக்கறாங்க, ஒரே தூசி, இவ என்னன்னா ஜன்னல மூடு ஜன்னல மூடுன்னு உயிர எடுக்கறா, மூடினா புழுங்கித் தொலையுது, நான் சொன்னா கேக்கமாட்டா, நீங்க சொன்னாத்தான் வேதவாக்கு, அதனால மூடணுமா திறக்கணுமான்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, இவ இங்கதான் நின்னு மொறைச்சுக்கிட்டு இருக்கா."

பின்னால் ஒரு பெண் குரல், "நான் எங்கங்க மொறைச்சேன்?" என்றது. பதிவு முடிந்தது.

காத்தக்கா சுவரில் சாய்ந்து நின்றாள். பிறகு மறுபடி ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டாள்.

"என்னம்மா சொல்லப்போற?" என்றாள் மகள். "மூடணுமா, திறக்கணுமா?"

"எதை?"

"ஜன்னலம்மா! அதைத்தானே கேக்கறாரு, ரெண்டு தடவை கேட்டியே!"

காத்தக்கா, இரு என்பதுபோல மகள் வாய்க்கு நேரே கையை உயர்த்தினாள். பதிவை மூன்றாம் தடவை முதலிலிருந்து வைத்தாள். டாக்ஸிக்காரர் மூச்சு வாங்கிய இடத்தில் சுண்டுவிரலை மடக்கினாள். அடுத்த விரலைப் பாதி வளைத்து, அடுத்த மூச்சுக்குத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனார்.