பத்துக்கு நாலு

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, காலை 10.20. தூறல் நின்று ஒரே புழுக்கம். தர்மபுரியில் ஒரு மருத்துவமனையின் மாடி அறையில், சட்டையில்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எதிரே பதினோரு டாக்டர்கள். நாள்பட்ட வலியைக் கண்டறிந்து வைத்தியம் செய்ய அவர்களுக்கு அன்று பயிற்சி. பாடம், என் விலா.

2021 செப்டம்பரில் இடது விலாவில் அக்கி வந்தது. பொம்மிடியில் காவி மண்ணால் அக்கி எழுதினார்கள்; ஒன்பது நாளில் கொப்புளம் காய்ந்தது. வலி போகவில்லை. அன்றுமுதல் தினம் இரண்டு வலி மாத்திரை. இனியும் அதையே விழுங்கினால் சிறுநீரகம் தாங்காது என்று போன மாதம் சொல்லிவிட்டார்கள். எனக்கு வேறு மருந்து உண்டா, இல்லையா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தேன்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த இளம் டாக்டர் கேட்டார். "வலியே இல்லைன்னா சைபர். தாங்கவே முடியலைன்னா பத்து. உங்களுக்கு எவ்வளவுங்க ஐயா?"

யோசித்துச் சொன்னேன். "நாலு."

"மிதமான வலிதான். பாரசிட்டமால் போதும், மூணு மாசம் கழிச்சுப் பாக்கலாம்" என்று எழுதிவிட்டார். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்தவரின் சீட்டை எடுத்தார்கள். மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை. போட்ட மார்க்கை நான் திருத்தியதே கிடையாது.

கதவோரம் நின்ற என் மனைவி உள்ளே வந்துவிட்டாள்.

"அந்த நாலை நம்பாதீங்க சார். முப்பத்து நாலு வருசம் கணக்கு வாத்தியாருங்க. ஒரு புள்ளைக்கும் நூறு போட்டதில்ல. இவரு கையில நாப்பது வாங்குனா அந்த வூட்டுல பாயசம் வெப்பாங்க. வலிக்கு மட்டும் அள்ளிக் குடுத்துருவாரா?"

அறையே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. "நீ சும்மா இரு" என்றேன்.

பயிற்சி கொடுக்க வந்த பெண் டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "மார்க்கை விடுங்க ஐயா. வலி வந்தப்புறம் என்னென்ன நின்னுபோச்சு?"

அந்தக் கணக்கு என்னிடம் இருந்தது.

"பனியன் போட்டு ஆயிரத்து முப்பது நாளாச்சுங்க. துணி பட்டா தீ வெச்ச மாதிரி இருக்கு. தூக்கம் மூணு தவணை, கூட்டினா மூணே கால் மணி நேரம். பேத்தி பொறந்ததுல இருந்து ரெண்டு தடவைதான் தூக்கினேன். ரெண்டு தடவையும் உடனே எறக்கி விட்டுட்டேன்."

கடைசி வரியை மனைவிகூட அன்றுதான் கேட்டாள்.

பெண் டாக்டர் பஞ்சால் விலாவை லேசாகத் தொட்டார். துள்ளிவிட்டேன். "இது நரம்பு வலி. பாரசிட்டமாலுக்கு அடங்காது" என்று இளம் டாக்டரிடமே சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். அவர் நாலை அடிக்கவில்லை. பனியன், தூக்கம், பேத்தி என்று அதன் கீழே எழுதி, வேறு மாத்திரை எழுதினார்.

ஆறாவது வாரம் பனியன் போட்டேன். வலி முழுதாகப் போகவில்லை, இரண்டு இருக்கும். அந்தப் புது மாத்திரையை இலவசமாகவே கொடுத்தார்கள். அதற்கு முன் நான்கு இடங்களில் இதே நாலைச் சொல்லிவிட்டு, தைலம், ஊசி, மாத்திரை, பஸ் என்று செலவழித்ததைக் கூட்டிப் பார்த்தேன்: 27,460 ரூபாய்.