அக்காவின் கோணல் மூக்கு

என் அத்தானுக்குக் கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை. நாள் முழுக்கச் சுவரும் ஜன்னலும் வரைந்தது போதாதென்று, வீட்டுக்கு வந்தும் ஸ்கேல், காம்பஸ் சகிதம் உட்கார்ந்து மனிதர்களை ஓவியமாகத் தீட்டுவார். மனிதர்கள் என்று அவர்தான் சொல்லிக்கொள்வார்.

அவர் கணக்கில் ஒவ்வொருவருக்கும் ஒரு வடிவம் உண்டு. மேலதிகாரி சதுரம், எந்தப் பக்கம் பார்த்தாலும் நியாயமானவராம். நான் வட்டம். பூரணமானவன் என்கிறார் போலிருக்கிறது என்று எனக்கு ஏக குஷி. "அட நீ வேற! உனக்கு மூலையே கிடையாது. எந்த வேலையிலயும் நிக்காம உருண்டுக்கிட்டே இருக்கியே, அதான்" என்றார். அக்கா முகத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அக்கா எப்போதும் முக்கோணம். கூடத்துச் சுவரில் நீல முக்கோணம், பழுப்பு முக்கோணம் என்று வரிசையாகத் தொங்குவாள். வருகிறவர்கள், "எந்த ஊர் மலை இது?" என்பார்கள். "என் வீட்டுக்காரி. முக்கோணம்தான் அசையவே அசையாது. கூரையையே அதுதான் தாங்குது" என்பார் அத்தான், பெருமையாக.

ஒருநாள் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "நான் என்ன கூரைச் சட்டமா? இத்தனை வருஷத்துல என் மூஞ்சிய ஒரு தடவையாவது வரைஞ்சிருக்கீங்களா? உங்க கண்ணுக்கு நான் எப்படித் தெரியறேன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்!" ஸ்கேலையும் காம்பஸையும் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் சாப்பிட உட்கார்ந்தால், என் தட்டின் விளிம்பெல்லாம் நீலப் பெயின்ட். அக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அத்தானின் புதுப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். அதில் அவளுக்கென்று போட்டிருந்த வட்ட முகம் தட்டோடு கச்சிதமாகப் பொருந்தியது.

நான் சிரித்துவிட்டேன். அவள் கண் கலங்கியிருந்தது. "என்னை நேராப் பாத்து வரையறது அவ்ளோ கஷ்டமா?"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். "வெறுங்கையில வரைஞ்சா நடுங்குது. சுவர் கோணிச்சுன்னா அழிச்சுட்டு வேற போட்டுக்கலாம். உன் மூஞ்சியக் கெடுத்துட்டேன்னா?"

அந்த மனிதர்மேல் எனக்கு முதல்முறையாக இரக்கம் வந்தது.

"பரவால்ல, கெடுங்க" என்று ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள் அக்கா. அத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டு, வியர்த்து வழிய, பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி வரைந்தார். அந்தக் கோலத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

படத்தில் ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது. மூக்கு இடதுபக்கம் போயிருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு அச்சு அசல் அக்காவுடையது.

அவள் வெகுநேரம் பார்த்தாள். "மூக்கு கோணலா இருக்கு."

"இரு, சரி பண்ணிடறேன்."

"கைய வெச்சுப் பாருங்க, தெரியும் சேதி!"

முக்கோணங்களை இறக்கிவிட்டு அதை மாட்டினார் அத்தான். மேஸ்திரியிடம் இரவல் வாங்கிய ரசமட்டம் வைத்து, மயிரிழை பிசகாமல். அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் அக்கா ஒற்றை விரலால் படத்தை லேசாகச் சாய்த்துவிட்டாள்.

இன்றும் அது அப்படித்தான் தொங்குகிறது. கடந்து போகும்போதெல்லாம் அத்தானின் கை தானாக அதை நோக்கி எழும். அடுப்படியிலிருந்து அக்கா இருமுவாள். எழுந்த கை, பாவம், தலையைச் சொறிந்துவிட்டு இறங்கும்.