முகத்தில் கீறல் இல்லாத டான்சி

லான்டி டாலன்டயருக்கு உட்காரத் தெரியாது. சாப்பாட்டு மேசையிலும் அவன் ஒரு கால் வாசலைப் பார்த்தே இருக்கும். வட இங்கிலாந்தின் கம்பர்லாந்து மலைகளில் சாந்து பூசாமல் கல்லின் மேல் கல் வைத்து வேலிச்சுவர் கட்டுவது அவன் பிழைப்பு. அதில் கை இரண்டும் முறம் மாதிரி அகன்றுவிட்டன. அம்மா வழியில் எல்லாருக்குமே பெரிய கைதான். தாய்மாமன் ரூபன் ஒரே கையால் கிடாவின் கொம்பைப் பிடித்து நிறுத்துவார். பெரியம்மா மகன் சைலஸ் கல்யாணத்தன்று தன் அளவுக்குக் கையுறை கிடைக்காமல், கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டபடியே தேவாலயத்துக்குள் போனான். அக்கா எஸ்தர் மட்டும் அப்பா வழி அத்தையை உரித்து வைத்தவள். சின்னக் கை, பெரிய வாய்.

லான்டிக்குச் சுவரைவிட நாய்தான் உயிர். ஆட்டுக்குட்டிகளைத் தூக்கும் நரி பாறைக்குள் புகுந்துகொண்டால் பின்னாலேயே நுழைந்து கிளப்பிவிடுகிற டெரியர் நாய். டான்சி என்று ஒரு பெட்டையை வைத்திருந்தான். வைக்கோல் நிறம், மழை ஒட்டாத முரட்டு ரோமம், நாள் முழுக்க மலை ஏறினாலும் நொண்டாத கால். பாறைக்குள் போனால் நரியின் வாய்க்கு எட்டாத தூரத்தில் நின்று விடாமல் குரைப்பாள். பாய்ந்து கடிக்க மாட்டாள். நரி அலுத்துப்போய்த் தானே வெளியே வரும். அதனால் அவள் முகத்தில் ஒரு கீறல்கூடக் கிடையாது.

அதுதான் வினையாகப் போயிற்று. இலையுதிர் காலத்தில் மேய்ப்பர்கள் கூடும் நாள் ஒன்று உண்டு. வழிதவறி வந்த ஆடுகளை அவரவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் போட்ட பானையைச் சுற்றி உட்காருவார்கள். பீர் உள்ளே போனதும் ஒவ்வொருவனும் தன் டெரியரைத் தூக்கி மேசைமேல் வைப்பான். எந்த முகத்தில் தழும்பு அதிகமோ அதற்கு மரியாதை. பக்கத்துப் பண்ணைக்காரன் ஜொசையா பெக் டான்சியின் மோவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான்.

"என்னப்பா லான்டி, மூஞ்சி பாதிரியார் பொண்டாட்டி மாதிரி பளபளன்னு இருக்கு! நரிக்கு இவ பாட்டுச் சொல்லித் தர்றாளா?"

கூடம் முழுக்கச் சிரித்தது. லான்டி டான்சியை மேசையிலிருந்து இறக்கிவிட்டான். மறுநாளே மலையைத் தாண்டிப் போய் டான்சியை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, பிராக் என்ற கறுப்பு நாயை வாங்கி வந்தான். பிராக்கின் மூக்கு கிழிந்து ஒட்டியிருந்தது, ஒரு காது பாதிதான். அது குரைக்காது. போகும், பிடிக்கும், அவ்வளவுதான்.

நாயின் மார்பை இரு கைகளாலும் சுற்றிப் பிடித்து விரல் நுனிகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று பார்ப்பது அங்கே வழக்கம். தொட்டால் நரி போகிற சந்தில் நாயும் போகும். லான்டி பிராக்கைப் பிடித்தான். விரல்கள் தொட்டன. பெருமையோடு அக்காவிடம் காட்டப் போனான். எஸ்தரும் பிடித்துப் பார்த்தாள். நடுவில் இரண்டு விரல் இடைவெளி.

"டேய், இது நாயா, பீப்பாயா? எனக்குத் தொடலையே!"

"உன்னது பொம்மைக் கை, அக்கா. என் கைக்குத் தொடுதுல்ல?"

"உன் கைக்குக் கழுதைகூடத் தொடும். நரி உன் கையைப் பாத்தா வளை தோண்டுது?"

அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆடுகள் ஈனும் காலம் வந்தது. ஒரு பெண் நரி ஜொசையாவின் குட்டிகளைத் தூக்கிக்கொண்டே இருந்தது. ஈரம் சொட்டும் ஒரு காலையில் அது மலைச்சரிவில் சரிந்து கிடந்த பாறைக் குவியலுக்குள் போவதை ஜொசையா கண்ணால் கண்டுவிட்டு லான்டியை இழுத்து வந்தான். பிராக் ஒரு தடவை மோந்தது, உள்ளே போனது. பிறகு ஒன்றுமே இல்லை.

லான்டி பாறையில் காதை வைத்தான். தண்ணீர் சொட்டும் சத்தம். பாறைகளுக்கு மேலே ஓடினான், கீழே ஓடினான், ஒவ்வொரு சந்திலும் வாயை வைத்துப் பெயரைக் கூவினான். புகைக்குழாயைப் பற்றவைப்பான், இழுக்காமலே அணைய விடுவான்.

"சும்மா உக்காரேன்யா, எனக்குத் தலை சுத்துது," என்றான் ஜொசையா. "கடிச்சுக்கிட்டு இருக்கும். முரட்டு நாயில்ல?"

"எங்க கடிச்சுக்கிட்டு இருக்கு? எந்தக் கல்லுக்குக் கீழ? சொல்லு, எடுக்கிறேன்!"

ஒரு குன்றளவு கல். தப்பான கல்லை உருவினால் மொத்தமும் இறங்கி நாயை நசுக்கிவிடும். கல்லோடே வாழ்ந்தவனுக்கு அது தெரியாதா? நண்பகல் வரை மேல் பக்கத்தில் குத்துமதிப்பாக நாலைந்து கல்லைப் பெயர்த்தான். குவியல் உறுமியது. பயந்துபோய் நிறுத்தினான். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. உள்ளே மூச்சு முட்டிக் கிடக்கிற நாயைப் பற்றியே நினைப்பு. சட்டென்று திரும்பி, மலையைத் தாண்டி ஓட ஆரம்பித்தான்.

எஸ்தர் அடுப்பில் ஓட்ஸ் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது.

"மாட்டிக்கிச்சா பீப்பாய்?"

"அக்கா, டான்சியைக் கொடு."

"பாட்டுக்காரியைத்தானே கேக்கிற? நாலு பேரு சிரிச்சதுக்குக் கொண்டாந்து தள்ளிட்டுப் போன இல்ல, அவளையா?"

"ஏசு, அப்புறமா ஏசு. சத்தமே வரலக்கா. உயிரோட இருக்கான்னே தெரியல."

எஸ்தர் ரொட்டியை அப்படியே விட்டுவிட்டுச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "நானும் வர்றேன். அவளுக்கு ஒண்ணு ஆச்சு, உன்னை அந்தப் பாறைக்குள்ளயே வெச்சு மூடிருவேன்."

டான்சி பிராக் போன சந்தை மோந்துவிட்டு, அதில் நுழையாமல் குவியலைச் சுற்றி வந்தாள். கீழ்ப்பக்கம் புல் மூடிய ஒரு சின்ன வாய். அதில் மறைந்தாள். எஸ்தர் தம்பியின் சட்டையைப் பிடித்திருந்தாள், அவன் ஓடாமல் இருக்க.

அப்போது கேட்டது. கல்லுக்கு அடியிலிருந்து, சளைக்காத குரைப்பு. இருந்த இடத்தை விட்டு அசையாத குரைப்பு.

"இங்க!" லான்டி முழங்காலில் விழுந்தான். காலையிலிருந்து அவன் தோண்டிய இடத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எந்தக் கல் எதைத் தாங்குகிறது என்று விரலால் தடவிப் பார்த்து ஒன்றொன்றாக எடுத்தான். குரைப்பு நின்றால் கை நிற்கும். மறுபடி கேட்டால் மறுபடி ஓடும். பெரிய பலகைக்கல் ஒன்றை ஜொசையா கடப்பாரையால் நெம்பித் தூக்கிய நொடியில், சிவப்பாக ஏதோ ஒன்று அவன் கால்களுக்கிடையே பாய்ந்து சரிவில் போயிற்று.

"நரி! ஐயோ, என் குட்டி தின்ன நரி!"

"கல்லை விட்டே, கொன்னுருவேன்!" என்று லான்டி கத்தினான்.

ஜொசையா கல்லை விடவில்லை. நரி போய்விட்டது. கல்லுக்குப் பின்னால் இரண்டு பாறைகளுக்கு நடுவே மார்பு இறுகிச் சிக்கி, முன்னுக்கும் போக முடியாமல் பின்னுக்கும் வர முடியாமல் பிராக் கிடந்தது. முகம் முழுக்க ரத்தம், நாக்கு வெளியே. லான்டி அதன் மூக்கருகே கையை வைத்தான். சூடாக மூச்சு வந்தது. டான்சி புல் மூடிய அந்த வாய் வழியாகவே வெளியே வந்து ரோமத்தை உதறினாள்.

பிராக் பிழைத்தது. அதற்குப் பிறகு அது அடுப்புக்கு முன்னால் படுப்பதோடு சரி, லான்டி அதை எந்தப் பாறைக்கும் கூட்டிப் போகவில்லை. அடுத்த கூட்டத்தில் புதுத் தழும்புகளைப் பார்க்க எல்லாரும் அதைக் கேட்டார்கள். ஜொசையாதான் பானையைப் பார்த்துக்கொண்டே, "அது கெடக்குது, டான்சி குட்டி போட்டா எனக்கொண்ணு," என்றான்.

டான்சியை மட்டும் எஸ்தர் திருப்பித் தரவே இல்லை. "கொடுத்தது கொடுத்ததுதான். வேலைன்னா வந்து கூட்டிட்டுப் போ, முடிஞ்சதும் கொண்டாந்து விடு." எங்கே நரி என்றாலும் லான்டி முதலில் மலையைத் தாண்டி அக்கா வீட்டுக்கு நடக்க வேண்டும், முடிந்ததும் மறுபடி நடக்க வேண்டும். நாய் உள்ளே இருக்கும்போது கல்லில் ஒட்டிய காதை எடுக்கமாட்டான். குரைப்பு கொஞ்சம் நின்றாலும் போதும், கை தானாகக் கல்லைத் தேடும்.

மழையில் அவளைக் கோட்டுக்குள் வைத்து மூடிக்கொண்டு வந்து கதவைத் தட்டுவான். எஸ்தர் விளக்கை எடுத்து வந்து, நாயின் முகத்தை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பாள். கீறல் ஏதும் இல்லையென்று தெரிந்த பிறகுதான் தம்பியை நிமிர்ந்து பார்ப்பாள்.

"சரி, உள்ள வா. டீயாவது உக்காந்து குடி."

அவன் நின்றபடியே குடிப்பான்.